சர்டிஃபிகேட்டை யாரிடம் காட்டப் போகிறீர்கள்?

கேள்வி இதுதான்: "பி.இ. மெக்கானிக்கல் முடித்தேன், வயது 29. சென்னையில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் 7 வருஷமாக நெட்வொர்க், சர்வர் சப்போர்ட். பி.ஆர்., அதாவது நிரந்தரக் குடியிருப்பு விசா, வாங்கி ஆஸ்திரேலியா வர ஆசை. அடுத்த ஒரு வருஷத்தில் சி.சி.என்.பி. (சிஸ்கோ நெட்வொர்க்), ஏ.டபிள்யூ.எஸ். (அமேசான் கிளவுட்), அஷ்யூர் (மைக்ரோசாஃப்ட் கிளவுட்) என்று வரிசையாக சர்டிஃபிகேட் எடுத்துவிட்டு அப்ளை பண்ணட்டுமா, இல்லை இருக்கிற அனுபவமே போதுமா?"

தம்பி, விசாவுக்காக என்றால் அந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரு புள்ளிகூடக் கிடையாது. வேலைக்காக என்றால் கொஞ்சம் உண்டு, ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் இடத்தில் இல்லை. நான் சிட்னிக்கு வந்து 14 வருஷம் ஆகிறது, சர்வர், நெட்வொர்க் என்று இன்ஃப்ரா பக்கம்தான் பிழைப்பு, சில வருஷமாக ஆள் எடுக்கும் இண்டர்வியூக்களில் கேள்வி கேட்கிற பக்கம் உட்காருகிறேன். வந்த புதிதில் நானும் உங்களைப் போலத்தான் சர்டிஃபிகேட்டை எண்ணிக்கொண்டிருந்தேன்.

முதலில் புள்ளிக் கணக்கு. 189, 190, 491 என்கிற திறன் விசாக்களுக்கு ஒரே அட்டவணைதான். வயது 25 முதல் 32 வரை என்றால் 30 புள்ளி. டிகிரிக்கு 15. இங்கிலீஷில் ஐ.இ.எல்.டி.எஸ். நான்கு பிரிவிலும் 8 வாங்கினால் 20, நான்கிலும் 7 என்றால் 10. வெளிநாட்டு வேலை அனுபவம் 3 வருஷத்துக்கு 5, 5 வருஷத்துக்கு 10, 8 வருஷத்துக்கு 15. இந்த அட்டவணையை மேலிருந்து கீழே எத்தனை தடவை படித்தாலும் சிஸ்கோ, அமேசான், மைக்ரோசாஃப்ட் என்று ஒரு வரி வராது. தமிழுக்கு ஒரு வரி இருக்கிறது, தெரியுமா? நாட்டி என்கிற மொழிபெயர்ப்பாளர் அங்கீகார அமைப்பு நடத்தும் சி.சி.எல். என்ற மொழித் தேர்வில் தமிழும் உண்டு, பாஸ் பண்ணினால் 5 புள்ளி. இரண்டு உரையாடல், ஒருவர் இங்கிலீஷில் பேசுவார், இன்னொருவர் தமிழில் பேசுவார், நடுவில் நீங்கள் இரண்டு பக்கமும் மொழிபெயர்க்க வேண்டும். 90க்கு 63 வேண்டும், ஒவ்வொரு உரையாடலிலும் 45க்கு 29க்குக் கீழே குறையக் கூடாது. சும்மா பேசுகிற தமிழ்தானே என்று போய்விடாதீர்கள். வாடகை ஒப்பந்தம், காப்பீடு, ரத்தப் பரிசோதனை என்று உரையாடல் போகும்போது வாயில் இங்கிலீஷ் சொல்தான் முதலில் வரும், எனக்குத் தெரிந்த இரண்டு பேர் அப்படித்தான் முதல் தடவை கோட்டை விட்டார்கள். ஆனாலும் ஒரு மாசத் தயாரிப்பில் 5 புள்ளி என்றால், ஒரு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு எடுக்கும் சி.சி.என்.பி.யின் பூஜ்யத்தைவிட எவ்வளவோ மேல்.

சரி, அனுபவத்துக்கு வருவோம். உங்களுக்கு 7 வருஷம், அதற்கு 10 புள்ளி என்று மனசுக்குள் போட்டு வைத்திருப்பீர்கள். இங்கேதான் பலரும் இடறுவது. ஐ.டி. வேலைகளுக்குத் திறன் மதிப்பீடு செய்வது ஏ.சி.எஸ்., அதாவது ஆஸ்திரேலியன் கம்ப்யூட்டர் சொசைட்டி. அவர்கள் உங்கள் மொத்த அனுபவத்தையும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. ஐ.டி. டிகிரி, அதே துறையில் வேலை என்றால் பொதுவாக முதல் 2 வருஷத்தைக் கழித்துவிடுவார்கள், டிகிரி ஐ.டி.தான் ஆனால் வேலைக்கு அவ்வளவாகத் தொடர்பில்லை என்றால் 4 வருஷம் போகும். உங்களுடையது மெக்கானிக்கல், அதில் ஐ.டி. பாடம் போதாது, எனவே ஆர்.பி.எல்., அதாவது ஐ.டி. படிப்புக்குப் பதில் அனுபவத்தைக் காட்டும் வழியில்தான் போக வேண்டியிருக்கும். அதில் 6 வருஷ அனுபவம் "திறமையாளர்" என்று ஏற்கவே செலவாகிவிடும். மிச்சம் 1 வருஷம், அதற்குப் புள்ளி இல்லை. குடிவரவுத் துறையும் பெரும்பாலும் ஏ.சி.எஸ். போட்ட கணக்கைத்தான் எடுத்துக்கொள்ளும்.

கூட்டிப் பாருங்கள்: வயதுக்கு 30, டிகிரிக்கு 15, இங்கிலீஷ் அருமையாக வந்தால் 20. மொத்தம் 65. விண்ணப்பம் போட அதுதான் குறைந்தபட்சம், ஆனால் ஐ.டி. வேலைகளுக்கு அழைப்பு வருவது அதற்கு வெகு மேலே. தமிழுக்கு 5, மாநில நியமனமான 190க்கு 5, அதற்குப் பதில் சிட்னி, மெல்பர்ன் மாதிரி பெருநகரங்களை விட்டு வெளியூர்ப் பகுதிக்குப் போகச் சம்மதித்தால் 491க்கு 15. கல்யாணம் ஆகவில்லை என்றால் அதற்கும் 10 உண்டு, இதை வீட்டில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். உங்களுக்குத் தேவையான புள்ளிகள் இப்படித்தான் சேரும். இந்த விதிகள் அடிக்கடி மாறுகிறவை, அப்ளை பண்ணும் அன்றைக்கு குடிவரவுத் துறை, ஏ.சி.எஸ். தளங்களில் இருக்கிற கையேட்டை நீங்களே படியுங்கள், ஏஜெண்ட் சொன்னார் என்று விட்டுவிடாதீர்கள்.

"அண்ணா, எங்கள் டீம் லீடர் சி.சி.என்.பி. எடுத்தால் ஏ.சி.எஸ்.ஸில் மதிப்பு என்றாரே?" என்று கேட்பீர்கள். எம்.சி.எஸ்.இ., சி.சி.என்.பி. மாதிரி சிலவற்றை ஐ.டி. டிப்ளமோவின் இடத்தில் வைத்துப் பார்த்த காலம் உண்டு. டிப்ளமோவின் இடத்தில்தான், அனுபவத்தின் இடத்தில் இல்லை. அந்தக் காலத்து ஆட்கள் அதையே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், ஆனால் எம்.சி.எஸ்.இ.யையே மைக்ரோசாஃப்ட் 2021 ஜனவரியோடு மூடிவிட்டது.

வேறு நாடுகளிலும் கதை இதே பக்கம்தான் சாய்கிறது. ஜெர்மனி 2023 நவம்பரில் விதியை மாற்றி, டிகிரியே இல்லாத ஐ.டி. ஆட்களுக்கும் ப்ளூ கார்டு என்கிற வேலை அனுமதி தரலாம் என்றது. கேட்பது கடைசி 7 வருஷத்தில் 3 வருஷ அனுபவம், அப்புறம் சம்பள வரம்பைத் தொடும் ஒரு வேலை. அமெரிக்காவில் எச்-1பி விசாவுக்கு டிகிரி குறைந்தால் 3 வருஷ வேலையை 1 வருஷப் படிப்பாகக் கணக்கிடும் வழக்கம் உண்டு. கனடாவின் புள்ளி முறையில் "தகுதிச் சான்றிதழ்" என்று ஒரு வரியைப் பார்த்துவிட்டு ஏ.டபிள்யூ.எஸ். எடுக்க ஓடினவர் ஒருவரை எனக்குத் தெரியும். அது எலக்ட்ரீஷியன், பிளம்பர் மாதிரி கைத்தொழில்காரர்களுக்குக் கனடாவிலேயே கொடுக்கிற சான்று.

ஆக அனுபவம்தான் ராஜா என்று நினைத்துச் சும்மா இருந்துவிடலாமா என்றால், அதுவும் இல்லை. எழுத்தில் நிரூபிக்க முடியாத அனுபவத்துக்கும் அங்கே பூஜ்யம்தான். ஒரு வருஷத்தையும் லட்ச ரூபாயையும் சர்டிஃபிகேட்டில் போடுகிறவர்கள், உண்மையில் கணக்கைத் தீர்மானிக்கும் காகிதத்தை, அதாவது வேலை அனுபவக் கடிதத்தை, கடைசி வாரத்தில் எச்.ஆருக்கு ஒரு மெயில் போட்டு வாங்கிவிடலாம் என்று இருக்கிறார்கள்.

எச்.ஆர். என்ன கொடுப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை சீனியர் அசோசியேட்டாகப் பணிபுரிந்தார், நன்னடத்தை உடையவர், வாழ்த்துகள். இதை வைத்து ஏ.சி.எஸ். ஒன்றும் செய்ய முடியாது. லெட்டர்ஹெட்டில் தொடங்கிய தேதி, முடித்த தேதி, முழுநேரமா பகுதிநேரமா, எந்த ஊரில், அப்புறம் முக்கியமாக நீங்கள் தினமும் என்ன செய்தீர்கள் என்கிற விவரம், கையெழுத்துப் போட்டவர் யார் என்பது, எல்லாம் வேண்டும். பதவிப் பெயரை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. நெட்வொர்க் இன்ஜினீயர் என்றால் ஆஸ்திரேலிய வேலை வகைப்பாட்டில் 263111 என்கிற குறியீடு. அதற்குச் சொல்லப்பட்ட வேலைகளோடு உங்கள் கடிதம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். "பாஸ்வேர்டு ரீசெட், டிக்கெட் எடுத்து எல்-2 (அடுத்த நிலை) டீமுக்கு அனுப்புதல்" என்று கடிதத்தில் இருந்தால் அது 3131 என்று தொடங்கும் சப்போர்ட் டெக்னீஷியன் ரகம், வேறு பாதை.

என் கதையைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த கம்பெனி (பெயர் வேண்டாம்) அந்த மாதிரி விவரக் கடிதம் கொடுப்பது எங்கள் வழக்கம் இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. கெஞ்சினேன், மேலிடத்துக்கு எழுதினேன், ஒன்றும் நடக்கவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வழி உண்டு: கூட வேலை பார்த்த மேலாளரோ சக ஊழியரோ உறுதிமொழிப் பத்திரம் எழுதித் தரலாம். நீங்களே உங்களைப் பற்றி எழுதிக்கொள்வது செல்லாது. கூடவே சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16 மாதிரி ஆதாரங்கள். ஆனால் என் மேலாளர் அதற்குள் வேலையை விட்டுத் துபாய் போய்விட்டார், நம்பர் மாறிவிட்டது. யார் யாரையோ பிடித்து அவரைக் கண்டுபிடிக்க 4 மாசம். அவர் ஊருக்கு லீவில் வந்தபோது பாண்டிபஜாரில் ஒரு நோட்டரி ஆபீஸ் வாசலில், வெயிலில், பைக் சீட்டின் மேல் பத்திரத்தை வைத்துப் படித்துப் பார்த்து, "இந்த ஃபயர்வால் மைக்ரேஷன் நீ பண்ணலையே, அது வேற டீம்ல பண்ணினது" என்று ஒரு வரியை அடிக்கச் சொன்னார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் செய்தது சரி. புதிதாக அடித்துக் கொண்டுவந்து கையெழுத்து வாங்கினேன்.

ஆர்.பி.எல்.லுக்கு இன்னும் ஒரு படி உண்டு. நீங்கள் செய்த இரண்டு புராஜெக்ட்டைப் பற்றி விரிவாக எழுதித் தர வேண்டும், ஒன்று கடைசி 3 வருஷத்துக்குள், இன்னொன்று 5 வருஷத்துக்குள். இதை ரெடிமேடாக எழுதித் தருகிறோம் என்று பணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், வாங்காதீர்கள். காப்பியா என்று சோதிக்கிறார்கள், மாட்டினால் விண்ணப்பமே போய்விடும். இப்போது உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள், 7 வருஷத்தில் "நான் செய்தேன்" என்று பத்துப் பக்கம் எழுத இரண்டு வேலை இருக்கிறதா? ஷிஃப்டுக்குப் போவது, ரன்புக் என்கிற செய்முறைக் கையேட்டில் இருப்பதை வரிசையாகச் செய்வது, டிக்கெட்டை மூடுவது, காலையில் ஹேண்ட்ஓவர் கொடுப்பது, இப்படியே 7 வருஷம் ஓடியிருந்தால் பத்து வரிகூட வராது. அப்படியென்றால் சர்டிஃபிகேட்டை மறந்துவிட்டு, இருக்கிற கம்பெனியிலேயே ஒரு மைக்ரேஷன், ஒரு ஸ்விட்ச் மாற்றம், ஒரு பேக்கப் சீரமைப்பு, எதிலாவது பெயரைக் கொடுத்து உள்ளே நுழையுங்கள். பழையதிலிருந்து புதியதுக்கு மாற்றும் சனி, ஞாயிறு கட்ஓவருக்கு ஆள் தேடும்போது எல்லோரும் ஒளிவார்கள், நீங்கள் கையைத் தூக்குங்கள்.

இனி இங்கே வந்த பிறகு வேலை தேடும் கட்டம். சர்டிஃபிகேட்டுக்கு மதிப்பு இருக்கிறது என்றேனே, அது இங்கேதான். சீக் என்கிற வேலைவாய்ப்புத் தளத்தில் விளம்பரம் வந்தால் உங்கள் ரெஸ்யூமே முதலில் போவது ரெக்ரூட்டரிடம். அவருக்கு நெட்வொர்க் தெரியாது, சோழிங்கநல்லூரில் உங்கள் கம்பெனி எவ்வளவு பெரிது என்றும் தெரியாது. அவர் கையில் இருக்கும் பட்டியலில் சி.சி.என்.ஏ. (சி.சி.என்.பி.க்கு முந்தின படி) என்று எழுதியிருக்கும், அந்தச் சொல் உங்கள் ரெஸ்யூமேயில் இருக்கிறதா என்று பார்ப்பார், இல்லையென்றால் அடுத்தவர். உள்ளூர்க்காரனுக்குத் தெரிந்த கம்பெனிப் பெயரும் தெரிந்த ஆட்களும் இருக்கும், வந்து இறங்கினவருக்கு அது இல்லை, அந்தக் குறையைச் சர்டிஃபிகேட் கொஞ்சம் அடைக்கும். அடுத்தது, பல கம்பெனிகளுக்கு ஐ.டி. சேவை கொடுக்கிற நிறுவனங்கள் மைக்ரோசாஃப்ட்டுக்கோ அமேசானுக்கோ பார்ட்னராக இருக்கும். அந்தத் தகுதியைத் தக்கவைக்கச் சர்டிஃபிகேட் எடுத்த ஆட்கள் தலையெண்ணிக்கை வேண்டும். அங்கே உங்கள் சர்டிஃபிகேட் நிஜமாகவே அவர்களுக்குப் பணம். கான்பெராவில் அரசாங்க வேலைகள் நிறைய, ஆனால் பாதுகாப்புச் சோதனைக்குப் பெரும்பாலும் குடியுரிமை கேட்பார்கள், அங்கே எந்தச் சர்டிஃபிகேட்டும் எடுபடாது, காத்திருக்கத்தான் வேண்டும்.

ரெக்ரூட்டரைத் தாண்டிவிட்டால் சர்டிஃபிகேட்டின் வேலை முடிந்தது. போன வருஷம் ஒரே நாளில் இரண்டு பேரைப் பார்த்தேன். முதல் ஆள் ரெஸ்யூமேயின் தலையில் வண்ண வண்ணமாக ஆறு பேட்ஜ். நான் எல்லோரிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டேன்: திங்கட்கிழமை காலை 9:20, ஒரு கிளை ஆபீஸில் பாதிப் பேருக்கு நெட் இல்லை, மீதிப் பேருக்கு இருக்கிறது, என்ன செய்வீர்கள்? அவர் ஓ.எஸ்.ஐ. என்கிற பாடப்புத்தக நெட்வொர்க் மாடலின் ஏழு அடுக்கையும் கீழிருந்து மேலாகச் சொல்ல ஆரம்பித்தார். கேபிளைப் பார்ப்பேன், ஸ்விட்ச்சைப் பார்ப்பேன், ரவுட்டரைப் பார்ப்பேன். எதுவும் தப்பில்லை. ஆனால் பாதிப் பேருக்கு ஏன் வேலை செய்கிறது என்ற கேள்வி அவர் வாயிலிருந்து வரவே இல்லை.

அடுத்து வந்தவர் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் தனியாளாக ஐ.டி. பார்த்தவர். ஒரு சர்டிஃபிகேட்டும் இல்லை, இங்கிலீஷும் சுமார். கேள்வியை முடிக்கும் முன்பே, "நெட் வேலை செய்யாதவங்க ஐ.பி. 169.254ன்னு ஆரம்பிக்குதா சார்?" என்றார். முகவரி கிடைக்காத கம்ப்யூட்டர் தானே போட்டுக்கொள்ளும் எண் அது. ஆமாம் என்றேன். "அப்போ டி.எச்.சி.பி.ல முகவரி தீர்ந்துபோச்சு" (ஒவ்வொரு கருவிக்கும் முகவரி கொடுக்கிற ஏற்பாடு அது) என்று சிரித்துவிட்டு அவர் ஆஸ்பத்திரிக் கதையைச் சொன்னார். ஓ.பி. கூட்டம் அதிகமான ஒரு நாள் வைஃபை பாஸ்வேர்டை யாரோ வெளியாட்களுக்குச் சொல்லிவிட்டார்கள், வந்தவர் போனவர் போனெல்லாம் உள்ளே. இருப்பது 254 முகவரி. விண்டோஸ் சர்வரில் லீஸ் காலம், அதாவது ஒரு கருவி முகவரியை வைத்திருக்கும் காலம், தானாகவே 8 நாள் என்று இருக்கும், அதை யாரும் மாற்றியிருக்கவில்லை, ஆள் வீட்டுக்குப் போன பிறகும் அவர் போன் முகவரியைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. "அன்னைக்கு லேப் ரிப்போர்ட் பார்க்க முடியாம டாக்டருங்க கத்துறாங்க. அதனால பழைய லீஸை அழிச்சிட்டு, காலத்தை 2 மணி நேரமா குறைச்சேன். சரியான வேலைன்னா வெளியாட்களுக்குத் தனி வீலான், அதாவது பிரிச்ச நெட்வொர்க், போடணும், அதை ஞாயித்துக்கிழமை பண்ணினேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் அவரை எடுத்தோம். கூட்டம் இருக்கும்போது எதைத் தொடலாம், எதைத் தள்ளிப்போட வேண்டும் என்று எந்தப் பரீட்சையும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் கதையின் மறுபாதியையும் கேளுங்கள். அவர் எங்களிடம் வந்தது ஒரு நண்பர் கைகாட்டியதால். அதற்கு முன் ஐந்து மாசம் விண்ணப்பம் போட்டு ஒரு இண்டர்வியூகூடக் கிடைக்கவில்லை, சி.சி.என்.ஏ. இல்லாத காரணத்தால்தான் என்று ஒரு ரெக்ரூட்டர் அவரிடமே சொல்லியிருக்கிறார். அவ்வளவு தெரிந்த மனுஷன் அந்த ஐந்து மாசமும் கிடங்கில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தார்.

எது எடுப்பது என்று கேட்டால், கையால் செய்து காட்டச் சொல்லும் பரீட்சையாகப் பாருங்கள். ரெட் ஹேட் லினக்ஸின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ.வில் நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடு என்பதே கிடையாது, மெஷினைக் கொடுத்துவிடுவார்கள், சரிபண்ண வேண்டும். குபர்னெட்டிஸின் சி.கே.ஏ.வும் அதே மாதிரி, 2 மணி நேரம். டம்ப், அதாவது கசிந்த கேள்வி-விடைத் தொகுப்பு, படித்துப் பாஸ் பண்ணினவர்களால் மற்ற சர்டிஃபிகேட்டுகள் எந்த அளவுக்குப் பெயர் கெட்டுப்போயிருக்கின்றன என்று நான் சொல்ல வேண்டியதில்லை, வேளச்சேரியில் எந்த டீக்கடையிலும் கேட்கலாம். சி.ஐ.எஸ்.எஸ்.பி.யும் பி.எம்.பி.யும் வேறு சாதி. முதலாவதுக்குக் கம்ப்யூட்டர் பாதுகாப்புத் துறையில் 5 வருஷ வேலை காட்ட வேண்டும், டிகிரி இருந்தால் ஒரு வருஷம் குறையும். இரண்டாவதுக்கு டிகிரி இருந்தால் 36 மாசம் புராஜெக்ட்டை நடத்தியிருக்க வேண்டும். அவை அனுபவத்தின் மேல் குத்துகிற முத்திரை, அதனால்தான் அவற்றுக்கு மரியாதை.

எப்போது எடுப்பது என்பதுதான் நீங்கள் கேட்காமல் விட்டது. சி.சி.என்.ஏ., ஏ.டபிள்யூ.எஸ். எல்லாம் 3 வருஷத்தில் காலாவதி. அஷ்யூரின் அசோசியேட் ரகம் 1 வருஷம்தான், வீட்டிலிருந்தே இலவசமாகப் புதுப்பிக்கலாம் என்றாலும் மறந்தால் போச்சு. ஏ.சி.எஸ். மதிப்பீடு 2 வருஷம் செல்லும். அழைப்பு எப்போது வரும், விசா எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. இன்றைக்கு மூன்று சர்டிஃபிகேட் எடுத்து, இங்கே இறங்கும்போது இரண்டு காலாவதியாகிக் கிடந்தால் ரெக்ரூட்டரிடம் எதைக் காட்டுவீர்கள்?

அதனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வருஷம் இங்கிலீஷ், சி.சி.எல்., இரண்டு நல்ல புராஜெக்ட், அவ்வளவுதான். விசா கைக்கு வந்த பிறகு, பெட்டி கட்டுவதற்கு முன் உள்ள மூன்று மாசத்தில் சி.சி.என்.ஏ.வோ ஒரு கிளவுட் பரீட்சையோ ஏதாவது ஒன்று. படிப்பதற்கு ஒரு பழைய லேப்டாப்பில் இ.வி.இ.-என்.ஜி. என்கிற மென்பொருளைப் போட்டு அதற்குள்ளேயே நாலு ரவுட்டரை ஓட்டி உடைத்து உடைத்துச் சரிபண்ணுங்கள், இண்டர்வியூவில் பேசுவதற்கு அதிலிருந்தே ரெண்டு கதை கிடைக்கும்.

அப்புறம், உங்கள் மேலாளர் இன்னும் அதே கம்பெனியில்தான் இருக்கிறாரா? இருந்தால் நாளைக்கே காபிக்குக் கூப்பிடுங்கள். நீங்கள் செய்த வேலைகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், செய்யாததை எழுதாதீர்கள், அவருடைய சொந்த மெயில் ஐடியையும் வீட்டு நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கும் எங்கேயாவது ஆஃபர் வந்திருக்கலாம்.